ஏழு முறை கழுவிய கோப்பை

மருதமுனையில் சபூறாவின் வளவுக்கும் அவளுடைய காக்கா ஜவுபரின் வளவுக்கும் நடுவே வேலி ஒன்று உண்டு. அந்த வேலியில் ஒரு கடப்பும் உண்டு. கதவில்லை, பூட்டில்லை, ஓர் ஆள் குனியாமல் போய்வர ஓர் இடைவெளி, அவ்வளவுதான். கறிச் சட்டி அந்த வழியால் போகும். பிள்ளைகள் அந்த வழியால் வருவார்கள். காக்காவும் தங்கையும் கோபித்துக்கொள்வதும் அங்கேதான், சமாதானமாவதும் அங்கேதான்.

போன வாரம் ஜவுபர் அந்தக் கடப்பில் வந்து நின்று, "இந்த நாயளுக்கு நான் ஒரு வழி பண்ணுறன்" என்று சொன்னதோடு நாம் நிறுத்தியிருந்தோம்.

நாய் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சபூறாவின் கணவன் மசூருக்கு நாவிதன்வெளியில் வயல். வயலிலுள்ள வாடிக் குடிசைக்குக் காவல், கறுப்பி என்ற நாய். கறுப்பி மூன்று குட்டி போட்டதில் ஒன்றை, 'மிளகு' என்று பெயர் வைத்து, மகள் இன்ஷிரா அழுது அடம்பிடித்து வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தாள். சபூறா பாலமுனையில் ஒரு கல்யாண வீட்டில் நின்ற நாட்களில் மிளகு வயிற்றால் போய்ச் செத்தது. அவள் திரும்பி வந்தபோது பின்வளவு கூட்டிப் பெருக்கிச் சுத்தமாகக் கிடந்தது. அந்தத் துக்கம் ஆறுமுன் வயலுக்குள் யானை இறங்கிய ஓர் இரவில் கறுப்பியும் போய்விட்டது. தாயில்லாமல் நின்ற மற்ற இரண்டையும், சீனியையும் கடுகையும், மசூர் நெல்லுச் சாக்குக்குள் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தான்.

சபூறா அன்றைக்கே தன் சட்டத்தைச் சொல்லிவிட்டாள். நாய் வீட்டுக்குள் வரக் கூடாது. தொழுகிற விரிப்புப் பக்கம் அதன் மூச்சும் படக் கூடாது. அதற்கென்று ஓர் அலுமினியக் கோப்பை. அந்தக் கோப்பையை அவளைத் தவிர வேறு யாரும் கழுவக் கூடாது.

மசூரும் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். "மிளகு செத்த பின்வளவுக்குள்ள இதுகள விடப்போடா. முன்னால கராஜுக்குள்ளதான் கிடக்கணும்." குட்டிகளின் கால் பின்வளவில் ஒரு நாளும் படவில்லை. இன்ஷிரா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கராஜின் சீமெந்துத் தரையைக் கழுவிப் பழைய சாரன் துணி விரித்து அவற்றைப் படுக்கப் போடுவாள். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் சில மனிதர்களுக்குக்கூட அவ்வளவு கவனிப்பு கிடைத்ததில்லை.

இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

ஸுபஹ் தொழுது விட்டு சபூறா அடுப்பை மூட்டிக்கொண்டு நின்றாள். முன்பக்கமிருந்து இன்ஷிராவின் குரல் வந்தது. கூப்பிடும் குரல் இல்லை, அடிபட்டவள் போடுகிற சத்தம்.

"வாப்பா! வாப்பா, சீனிக்கும் வந்திட்டு!"

சபூறா கராஜ் வாசலில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை. சீனி சாரனில் ஒருக்களித்துக் கிடந்தது. வாயில் மஞ்சள் நுரை. பின்னால் வடிந்திருந்தது இரத்தம் கலந்த தண்ணீர். அந்த நாற்றம் வாசல்வரை வந்து மூக்கில் ஏறியது. கடுகு மட்டும் ஒன்றும் அறியாமல் இன்ஷிராவின் பாவாடை விளிம்பைக் கடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

மசூர் குந்தியிருந்து சீனியின் வாயைத் திறந்து பார்த்தான். பிறகு எழுந்தான். அவன் முகம் கறுத்திருந்தது.

"வெச்சிட்டான்" என்றான்.

"ஆரு? என்னத்த?"

"ஒரு வழி பண்ணுறன் எண்டு செல்லிட்டுத்தானே போனான் உன்ட காக்கா. மிளகையும் அவன்தான். இதையும் அவன்தான். விஷம்."

"இஞ்ச பாருங்க, காக்கா அப்பிடிச் செய்ற ஆளில்ல..."

யாரிடம் சொல்கிறாள்? மசூர் கடப்பைத் தாண்டிப் போய்விட்டான்.

ஜவுபர் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். நாய் என்றால் அவருக்கு ஆகாது, அதை மறைத்தவரும் இல்லை. நாய் குரைத்தால் யாசீன் ஓதுகிற கவனம் கலைகிறது என்று அந்தக் குறுந்தெருவில், முழு ஒழுங்கைக்கும் சொல்லித் திரிந்தவர்தான். ஆனால் மசூர் கேட்ட கேள்வியில் அவர் வாயிலிருந்த பிரஷ் அப்படியே நின்றது.

"என்ன கேட்டாய்?"

"சோத்துல வெச்சீங்களா, மீனுல வெச்சீங்களா எண்டு கேட்டன்."

"மசூர், கேளு. நான் நாய்க்கு விஷம் வைக்கிறதெண்டா உனக்குச் செல்லிப்போட்டு, நடு முத்தத்துல வச்சிப்போட்டு வருவன். கள்ளனப் போல வேலிக்குள்ளால கை உட மாட்டன்."

"அப்ப ஆரு வெச்ச? மலக்குமாரா, வானத்தால இறங்கி வந்து?"

"வாய அடக்கிக் கத!" ஜவுபரின் கழுத்து நரம்பு எழும்பியது. "நீ படுக்கிற ஊட்டுட கல்லு ஒவ்வொண்டும் நான் சவூதி வெயிலுல நிண்டு உழைச்ச கல்லு. அதுக்குள்ள இருந்துகிட்டு என்னக் கொலகாரன் எண்டுறாய்."

இந்தப் பேச்சு ஒருநாள் வரும் என்று சபூறாவுக்குத் தெரியும். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வாப்பாவின் கடமை. வாப்பா மௌத்தாகிவிட்டால் காக்காமாரின் கடமை. ஜவுபர் தனக்கென்று கல்யாணம் பேச முதல் தங்கைக்கு வீடு கட்டியவர். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இன்றைக்கு ஒரு நாய்க்குட்டியால் அது வெளியே வந்துவிட்டது.

"நான் உங்கட ஊட்டுல இரிக்கல்ல. என்ட பொண்டாட்டிட ஊட்டுல இரிக்கன்" என்றான் மசூர்.

"அப்ப உன்ட பொண்டாட்டிட்டயே கேளு. அவளுக்குக் காக்கா வேணுமா, நாய் வேணுமா எண்டு."

சபூறா கடப்பின் நடுவில் நின்றாள். ஒரு கால் அந்த வளவில், ஒரு கால் இந்த வளவில். இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் நிற்பதும் ஒரு பதில்தான் என்று அவளுக்கு உறைக்கவில்லை. ஜவுபருக்கு உறைத்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் பழைய கூரைத் தகரமும் சுத்தியலும் இருந்தன.

முதல் ஆணி இறங்கிய சத்தத்தில் சபூறா காதைப் பொத்திக்கொண்டாள்.

கராஜில் மசூர் ஒரு கூடையைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கடுக இஞ்ச உட்டா ராவைக்கு அதுவும் இல்ல. பூமணியக்காட ஊட்டுல கொண்டு உடுறன். அவட நாய் ஆறு குட்டி போட்டிரிக்கி. ஆறோட ஏழா இதுவும் வளந்திட்டுப் போகும்."

பூமணி அவன் வயலுக்கு அடுத்த வயல்காரி. புருஷன் போனபிறகு தனியாளாக நின்று பயிர் செய்கிறவள். யானை இறங்கினால் முதல் வெடி அவள் வரம்பிலிருந்துதான் கேட்கும். கறுப்பியை மண்வெட்டி பிடித்துப் புதைத்ததும் அவள்தான்.

"சீனி?" என்று கேட்டாள் இன்ஷிரா.

"அது முடிஞ்சி மகள்."

"டொக்டர்ட்டக் கொண்டு போவமே வாப்பா."

"விஷத்துக்கு டொக்டர் என்னத்தச் செய்ற? கறுப்பிக்கு ஊசி போட்டுத்தானே இருந்தன். ஊசி போட்ட நாய்ர குட்டிக்கு நோய் வருமா? இது நோயில்ல."

இன்ஷிரா சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினாள். சபூறாவுக்கு அந்த நேரத்தில் யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கணவன்மேலா, காக்காமேலா, இந்தச் சனியனை வீட்டுக்குக் கொண்டுவர அழுத மகள்மேலா? கோபம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. குட்டிகளின் கோப்பையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அவள் கழுவுவதைப் பார்க்க வேண்டும். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால். ஓதப்பள்ளியில் படித்தது. படித்ததைக் காற்றில் விடுகிற ஆளில்லை அவள். ஒவ்வொரு முறையும் விரலை மடித்து எண்ணுவாள். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் முதலிலிருந்து தொடங்குவாள். மண்ணுக்கென்று தனியாக ஓர் ஐஸ்கிறீம் டப்பா. மருதமுனை முற்றமெல்லாம் கடல் மணல். அது கையில் நில்லாது, பாத்திரத்தில் பிடியாது. பின்வளவு முருங்கைக்காக மசூர் வயலிலிருந்து கொண்டுவந்து கொட்டிய வண்டல் மட்டும்தான் மெத்தென்று பிடிக்கும். அதைத்தான் குட்டிகள் இரண்டும் வந்த அன்றைக்கே வழித்து டப்பா நிறைய எடுத்து வைத்திருந்தாள்.

இன்றைக்கு இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கோப்பை புதுசு போல மினுங்கியது. அதைத் துடைத்துக் கணவனிடம் நீட்டினாள்.

"அடுத்தவங்கட ஊட்டுக்குக் கொண்டு போறீங்க. ஊத்தக் கோப்பையோட போகாம."

மசூர் அவளை ஒரு கணம் பார்த்தான். நாயையே தொடாத மனைவி நாயின் கோப்பையைக் கழுவித் தருகிறாள். அவன் முகத்திலிருந்த இறுக்கம் கொஞ்சம் விட்டது.

"உனக்கு நான் ஒண்டும் செல்லல்லகா" என்றான். "உன்னில பிழையில்ல."

மோட்டார் சைக்கிள் கிட்டங்கிப் பாலத்துப் பக்கம் போனது. பின்னால், வேலியில், ஆணி ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது.

சபூறா கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு தேங்காய்கூடத் துருவ முடியவில்லை. விஷம் இல்லை என்று ஒருவர், படித்த ஒருவர், வாயால் சொல்லிவிட்டால் போதும். மசூர் போய் மன்னிப்புக் கேட்பான். காக்கா முறைப்பார், பிறகு தகரத்தைப் பிடுங்குவார். விஷமா இல்லையா என்பதை இனிச் சொல்லக்கூடியது இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது கராஜில் சாகக் கிடக்கிறது.

"இன்ஷிரா, அந்தக் காட்போட் பெட்டிய எடு."

"என்னத்துக்கும்மா?"

"கல்முனைக்குப் போறம். டொக்டர்ட்ட."

ஒழுங்கை முனையில் நின்ற ஓட்டோ அஸ்ஹருடையது. சபூறாவை அவன் தாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவன் பின்னால் நகர்ந்தான்.

"நாயா தாத்தா? இந்த ஓட்டோவிலதான் நான் ஹஸ்ரத்தப் பள்ளிக்கு ஏத்துற."

"சீற்றுல வைக்கல்ல தம்பி. என்ட மடியில இரிக்கும்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. சபூறாத் தாத்தா மடியில் நாய்! ஒழுங்கையில் வேறு யார் சொல்லியிருந்தாலும் அஸ்ஹர் நம்பியிருக்க மாட்டான். அவள் அபாயாவைச் சுருட்டிப் பிடித்து ஏறி உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பாண்டிருப்பைத் தாண்டும்போது பெட்டியின் அடி ஈரமாகி, அந்த ஈரம் அவள் துணிவரை வந்தது. அவள் அசையவில்லை.

மிருக வைத்தியர் டொக்டர் றுஸ்னாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். பெட்டியைத் திறந்து ஒரு தடவை மூச்செடுத்ததும் அவள் முகம் மாறியது. சீனியின் ஈறை விரலால் அழுத்திப் பார்த்தாள். வெளுத்துப் போயிருந்தது. பஞ்சுக் குச்சியால் மலத்தைத் தொட்டு, கொரோனா காலத்தில் நாமெல்லோரும் பார்த்தோமே, அந்த மாதிரி ஓர் அட்டையில் விட்டாள்.

"டொக்டர், ஒண்டே ஒண்டு கேக்கணும்" என்றாள் சபூறா. "இது விஷமா?"

"விஷமா? ஆரு செல்லின?"

"விஷமில்லையா?"

அட்டையில் இரண்டாவது கோடும் விழுந்தது. "இல்ல. பார்வோ. குட்டியளுக்கு வாற வைரஸ். குடலை அரிச்சிப்போடும்."

அல்ஹம்துலில்லாஹ் என்று சபூறா வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஒரு குட்டி சாகக் கிடக்கும்போது அப்படிச் சொன்னதற்கு உடனே வெட்கப்பட்டும் கொண்டாள். ஆனால் என்ன செய்வது, மனது தகரத்தை விட்டு இந்தப் பக்கம் வரவில்லை. காக்கா செய்யவில்லை. காக்கா செய்யவில்லை.

றுஸ்னா முன்னங்காலில் நரம்பு தேடி சேலைன் ஏற்றினாள். "நேரம் போயிட்டு. பாப்பம். ஊசி போட்டிருந்தீங்களா?"

"தாய்க்குப் போட்ட. என்ட மனிசன் வருசா வருசம் போடுவார்."

"அது விசர் நாய்க்கடிக்குப் போடுற ஊசி தாத்தா. நல்ல விசயம்தான், கட்டாயம் போடணும். ஆனா இதுக்கு வேற ஊசி. தாய்க்கும் போடணும், குட்டிக்கும் ஆறு எட்டுக் கிழமையில தொடங்கி, இடைவெளி விட்டு விட்டுப் போடணும். அது முடியுமட்டும் குட்டிய மத்த நாய் திரிஞ்ச மண்ணுல விடக்கூடாது."

"நாங்க எங்கயும் விடல்ல டொக்டர்" என்றாள் இன்ஷிரா. "கராஜுக்குள்ளயேதான் வச்சிருந்த. மிளகு செத்த இடத்துக்குக் கொண்டே போகல்ல."

"மிளகு?"

"இதுட கூடப்பிறந்தது. முதல்ல வந்து செத்த. இதே மாதிரி."

றுஸ்னா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அதுவும் பார்வோதான். அது வந்து செத்த பிறகு இது வந்த. அந்த இடத்துக்கே போகல்ல. அப்ப எப்பிடித் தொத்தின?" அவள் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போலத்தான் கேட்டாள். "பழைய சாரன் ஏதும்?"

"எல்லாத்தையும் வாப்பா எரிச்ச."

"செருப்பு?"

"கராஜுக்க வெறுங்காலோடதான் போவன். கழுவிட்டு."

"சாப்பாட்டுக் கோப்ப?"

இந்தக் கேள்விக்கு சபூறா முந்திக்கொண்டாள். அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அது நான்தான் கழுவுற டொக்டர். ஏழு தரம். ஒரு தரம் மண்ணால. ஒரு நாளும் விட்டதில்ல."

றுஸ்னாவும் அதே ஓதப்பள்ளிப் பாடத்தைப் படித்தவள்தான். தலையசைத்தாள். பிறகு, சேலைன் போத்தலைத் திருகிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்.

"எந்த மண்?"

"எங்கட வளவு மண்தான். முருங்கையடி..."

"உம்மா" என்றாள் இன்ஷிரா. அவள் முகம் வெளுத்திருந்தது. "மிளகு முருங்கையடியிலதான் கிடந்த."

சபூறாவுக்கு முதலில் அந்த வசனம் விளங்கவில்லை.

"நீங்க பாலமுனையில நிண்ட. ரெண்டு நாளும் அந்த இடத்துலதான் சத்தி எடுத்த, பேண்ட. வாப்பா தண்ணி ஊத்திக் கூட்டின."

வெளியே யாரோ ஒரு பசு மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மண்ணுக்குள்ள அது மாசக்கணக்கா இரிக்கும் தாத்தா" என்றாள் றுஸ்னா மெதுவாக. "வருசமும் இரிக்கும். தண்ணிக்கும் சவுக்காரத்துக்கும் சாகாது. கிணத்துக்குப் போடுற குளோரினக் கரைச்சி ஊற வச்சாத்தான் பாத்திரத்துல சாகும். ஏழு தரம் கழுவினாலும், மண்ணால தேய்ச்ச நேரத்துல ஒரு பொட்டு விளிம்புல நிண்டாலே போதும்."

தூய்மையான மண். சபூறாவின் காதில் அந்தப் பாடம் முழுதாகக் கேட்டது. பிள்ளைகள் ஆடியாடி ஓதுவார்கள்: மண் தூய்மையான மண்ணாக இருக்க வேண்டும். நஜீஸ், அதாவது அசுத்தம், பட்ட மண்ணால் கழுவினால் அது கழுவியதாகாது. எண்ணிக்கையை விடாமல் பிடித்திருந்தாள். இதைத்தான் விட்டுவிட்டாள். மண் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அவள் யாரிடமும் கேட்கவில்லை. மிளகு எங்கே கிடந்தது என்று கேட்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

காக்காவைக் காப்பாற்ற என்று வந்தாள். வந்த இடத்தில் தன்னைக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

சீனி ஒரு தடவை காலை உதைத்தது. சபூறா யோசிக்காமல் கையை நீட்டி அதன் தலையில் வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாயைத் தொட்டாள். அது சூடாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், குளிர்ந்து போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் றுஸ்னா சேலைன் குழாயைக் கழற்றினாள். அவள் ஏன் கழற்றுகிறாள் என்று இன்ஷிரா கேட்கவில்லை. உம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வேற குட்டி ஏதும் மிச்சமா?" என்று கேட்டாள் றுஸ்னா.

"ஒண்டு இரிக்கி. அது நல்லா ஓடி விளையாடுது."

"ஓடி விளையாடுறதெண்டு நம்பாதீங்க. ஒரே கோப்பையில திண்ட குட்டி. இண்டைக்கு நல்லா இரிக்கும், ஆனா போற இடமெல்லாம் கிருமியச் சிந்தும். வேற குட்டியளோட மட்டும் சேத்திடாதீங்க. ஒரு கூட்டுக்குள்ள போச்செண்டா ஒண்டும் மிஞ்சாது."

சபூறா போனைக் கையிலெடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ அழைப்புப் போனது. மசூரின் போன் அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ஓட்டோவில் ஏறி மறுபடி எடுத்தாள். தொடர்பே இல்லை. வயல்வெளிப் பக்கம் போனால் எப்போதும் இதுதான் கதை. றுஸ்னா இரண்டு பைகளுக்குள் கட்டிக் கொடுத்த சீனி மறுபடி அவள் மடியில் இருந்தது. அஸ்ஹர் கண்ணாடியில் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தபோது சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. கடப்பு இருந்த இடத்தில் தகரம். துருப்பிடித்த பக்கம் இவள் வளவைப் பார்த்து இருந்தது.

இன்ஷிரா மண்வெட்டியைத் தேடிப் போனாள். சபூறா நேரே குழாயடிக்குப் போய் ஐஸ்கிறீம் டப்பாவை எடுத்தாள். எங்கே கொட்டுவது? வளவில் கொட்ட முடியாது. ஒழுங்கையில் கொட்டினால் ஒழுங்கை நாய். கடலில் கொட்டினால் கரையில் திரிகிற நாய். இத்தனை நாள் சுத்தம் என்று கட்டிக்காத்த மண்ணுக்கு இப்போது உலகத்தில் ஓர் இடமில்லை. டப்பாவைக் கையில் பிடித்தபடியே தகரத்தடியில் போய் நின்றாள்.

"காக்கா."

அந்தப் பக்கம் யாரோ செருப்பை இழுத்து நடந்தார்கள். நடை நின்றது.

"காக்கா, விஷமில்ல. டொக்டர் பாத்துச் செல்லின. நோய். நீங்க ஒண்டும் செய்யல்ல."

"நான் செய்யல்ல எண்டு எனக்குத் தெரியும்" என்றது ஜவுபரின் குரல். "உனக்கு டொக்டர் செல்லணுமா இருந்திச்சி."

சபூறா தகரத்தில் நெற்றியை வைத்தாள். வெயிலில் சுட்டது. அவர் சொன்னது சரிதான். காலையில் இதே இடத்தில் நின்றபோது இதைச் சொல்ல அவளுக்கு டொக்டர் தேவையாக இருந்திருக்கக் கூடாது.

"அப்ப எப்பிடி வந்த? நோய் சும்மா பறந்தா வரும்? உன்ட மாப்பிள்ள இனி வேற ஆரப் புடிக்கப் போறான்?"

பேசாமல் இருந்துவிடலாம். விஷம் இல்லை, நோய், அல்லாஹ்வின் நாட்டம். அதோடு நின்றால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. இன்ஷிரா உம்மாவைக் காட்டிக் கொடுக்க மாட்டாள்.

"ஆரையும் புடிக்கத் தேவல்ல காக்கா" என்றாள். "நான்தான்."

"என்ன விசர்க் கத கதைக்காய்?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது. மசூரின் இலக்கம். ஆனால் பேசியது பூமணி.

"தங்கச்சி, நீ கனதரம் எடுத்திரிக்காய் போல. தம்பி கைபோன வாடிக்குள்ள வச்சிட்டு வரம்புப் பக்கம் போயிட்டார். இப்பதான் வந்து வாய்க்கால்ல முகம் கழுவுறார். மனம் நொந்து போயிரிக்கார். உன்ட காக்காவ வீணாப் பேசிப்போட்டன் எண்டுறார்."

"பூமணியக்கா, குட்டி... கடுகு எங்க?"

"அதுக்கென்ன? என்ட நாய் மணந்து பாத்திட்டுச் சேத்திட்டுது. ஆறும் இதும் ஒண்டா உருளுதுகள். பாக்க ஆசையாக் கிடக்கு."

"அக்கா, கேளுங்க, அதப் பிரிங்க..."

பூமணிக்குக் கேட்கவில்லை. குட்டிகளின் சத்தம் அப்படி. "பாலும் சோறும் பிசைஞ்சி உன்ட கோப்பையிலதான் வச்சன். என்ன மாதிரி மினுக்கித் தந்திரிக்காய் புள்ள! என்ட ஊட்டுச் சட்டியும் அப்பிடி மினுங்காது. ஏழு தலையும் ஒரே கோப்பைக்குள்ள."

டப்பா சபூறாவின் கையிலிருந்து நழுவி விழுந்தது. வண்டல் அவள் காலில் கொட்டியது. தகரத்துக்கு அந்தப் பக்கம், "சபூறா? என்ன புள்ள? என்ன நடந்த?" என்று காக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அக்கா, அந்தக் கோப்பைய எடுங்க. கெதியா எடுங்க."

"இனி எடுத்தென்ன?" பூமணி சிரித்தாள். "கழுவவும் தேவல்ல தங்கச்சி. நக்கியே மினுக்கிப் போட்டுதுகள்."